கட்டுரையின் மூன்றாம் பெயர்

சுங்கை பட்டாணி,
27 ஏப்ரல் 2025, ஞாயிறு.

பெருமதிப்பிற்குரிய நண்பர் முனைவர் அப்துல் சமது அவர்களுக்கு,

யோகேந்திரன் எழுதுவது. டப்ளினில் தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கு நானும் பிரேமாவதியும் நலம். அவள் தமிழ்ப்பள்ளியில் இன்னும் ஓராண்டு பணியாற்றிவிட்டு விருப்ப ஓய்வு பெறலாம் என்றிருக்கிறாள். எனக்கு இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஒன்றிலிருந்து இரண்டாகியிருக்கிறது. ஒரு வாரமாகப் புகைமூட்டம். ஆய்வுக்கூடத்துச் சன்னலிலிருந்து குனோங் ஜெராய் மலை தெரிவதில்லை.

மின்னஞ்சலை விட்டுத் தாளில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. டிசம்பர் முதல் தங்களுக்கு ஐந்து மின்னஞ்சல்கள் அனுப்பினேன். ஒன்றும் திரும்பி வரவில்லை. ஆகவே முகவரி சரியானது. ஒன்றுக்கும் பதிலும் வரவில்லை. தங்கள் வீட்டு முகவரியை, மெர்கோங்கில் தங்கள் தங்கை சுலைஹா நடத்தும் உணவுக்கடைக்குச் சென்று பெற்றேன். அவர் தயங்கியபின்பே கொடுத்தார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

செய்தி இதுதான். 2018-இல் நம் ஆய்வுக்கூடத்தில் தாங்கள் எடுத்து வைத்துச் சென்ற நிகழ்படங்கள் நினைவிருக்கும். வளர்தட்டில் பரவியிருக்கும் தோல் உயிரணுக்களில் ஒன்றை ஊசிமுனையால் தொட்டால், அது அண்டை உயிரணுவுக்குச் செய்தி அனுப்புகிறது. அது அதன் அண்டைக்கு. நுண்ணோக்கியில் அச்செய்தி ஓர் ஒளியாக வரிசை வரிசையாகப் பரவுகிறது. கையுறைத் தொழிற்சாலைகளில் ரப்பர் பாலுடன் கலக்கும் வேதிப்பொருள் ஒன்றில் அதே உயிரணுக்களை ஊற வைத்தபோது, ஒளி மூன்றாம் வரிசையோடு நின்றுவிடுவதை முதலில் கண்டவர் தாங்கள். தாங்கள் சென்றபின் அந்த வட்டுகள் நான்காண்டுகள் அலமாரியில் இருந்தன.

அவற்றை எடுத்து அளந்தவர் நளினி. கோலா கெத்திலைச் சேர்ந்தவர். வயது முப்பத்து நான்கு. கையுறைத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றிக்கொண்டே என் மேற்பார்வையில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். பொதி கட்டும் பிரிவுப் பெண்களின் கைகளில் தோல் வெடித்து உரிவதை அன்றாடம் பார்ப்பவர் என்பதால், இந்த ஆய்வை அவர் எடுத்துக்கொண்ட விதமே வேறு. விடுமுறை நாள்களில் வந்து, நாற்பத்து மூன்று நிகழ்படங்களையும் சட்டம் சட்டமாக அளந்தார்.

கட்டுரையில் நளினி, நான், தாங்கள் என மூன்று பெயர்கள். முதல் ஆய்விதழ் ஒன்பது நாளில் திருப்பியது. இரண்டாவது ஏழு மாதம் வைத்திருந்து மறுத்தது. மூன்றாவது ஆய்விதழ் திருத்தம் கேட்டிருக்கிறது. ஒவ்வோர் இதழும் மேற்கோள் பட்டியலை ஒவ்வொரு விதமாகக் கேட்பதால், தொண்ணூற்றொரு மேற்கோள்களின் காற்புள்ளிகளையும் ஆண்டுகளையும் மூன்று முறை இடம் மாற்றினேன். கண்கள் ஓய்ந்துவிட்டன. மதிப்பீட்டாளர்களின் இருபத்தாறு வினாக்களில் இருபத்தைந்துக்கு விடை எழுதிவிட்டோம். எட்டாம் வினாவுக்கு மட்டும் எங்களிடம் விடையில்லை. மொத்தம் ஐம்பத்து நான்கு நிகழ்படங்கள் எடுக்கப்பட்டிருக்க, பதினொன்றை ஏன் ஒதுக்கினீர்கள் என்பது வினா. தங்கள் குறிப்பேட்டில் அந்தப் பதினொன்றுக்கு நேரே ‘ஆகாது’ எனப் பொருள்படும் ‘தாக் போலே’ என்ற மலாய்ச் சொற்கள் மட்டுமே உள்ளன. காரணம் தங்களுக்குத்தான் தெரியும்.

மேலும், திருத்திய கட்டுரையைப் பெறும்போது இந்த ஆய்விதழ் ஒவ்வொரு கட்டுரையாளரின் ஒப்புதலையும் தனித்தனியே கேட்கிறது. ஒருவர் ஒப்புதல் இல்லையென்றாலும் கட்டுரை மேலே செல்லாது. இறுதி நாள் 25 மே, ஞாயிறு. நளினியின் ஆய்வுக் காலம் ஜூன் 30-இல் முடிகிறது. அதற்குள் ஏற்புக் கடிதம் கையில் இல்லையென்றால், விதிப்படி அவர் பதிவு நீக்கப்படும். ஆறாண்டு உழைப்பு வீணாகும்.

ஒப்புதல் படிவத்தையும் எட்டாம் வினாவின் நகலையும் இணைத்துள்ளேன். ஆவன செய்ய வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
யோகேந்திரன்


சுங்கை பட்டாணி,
10 மே 2025, சனி.

அன்பு நண்பர் சமது அவர்களுக்கு,

என் முதல் கடிதம் மே 6-ஆம் நாள் உங்கள் வீட்டில் சேர்ந்ததாக அஞ்சல் நிறுவனத்தின் இணையப் பக்கம் காட்டுகிறது. கையெழுத்திட்டுப் பெற்றவர் பெயரும் அதில் உள்ளது. அது உங்கள் பெயர்தான். ஆகவே நீங்கள் படித்திருப்பீர்கள் என்று கொண்டு எழுதுகிறேன்.

வியாழக்கிழமை எங்கள் துறைத்தலைவர் சுகுமாரன் அழைத்தார். நீங்கள் சென்றபின் வந்தவர், கெட்டிக்காரர். கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதற்குப் போய் ஏன் இவ்வளவு சிரமப்படுகிறீர்கள் என்று கேட்டார். பதினொரு நிகழ்படங்களும் கேமரா கோளாறால் கெட்டவை என்று ஒரு வரி எழுதிவிடலாமாம். உங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துக் கட்டுரையின் கடைசியில் உள்ள நன்றியுரையில் சேர்த்துவிட்டால் ஒப்புதலே தேவையில்லையாம். நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, என்னைத் தேற்றுவதாக எண்ணிக்கொண்டு சொன்னார்:

“மலாய்ல சொல்ற மாதிரி ஹாபிஸ், கதை முடிஞ்சது சார். முன்னாடி ஒரு தடவ செஞ்சதுதானே. யாரு வந்து கேட்டா?”

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அன்று மாலை முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை நம் மாநிலத்தில் விடுமுறை. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுபடியும் மெர்கோங் சென்றேன். ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த கூட்டம் குறையும்வரை ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். சுலைஹா மீ கோரெங் ஒரு தட்டு கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே அமர்ந்தார். நீங்கள் ஏதேனும் சொன்னீர்களா என்று கேட்டேன். “போன்ல ஒங்க பேர எடுத்தாலே அண்ணனுக்கு லைன் கிடைக்காது சார். எனக்கு மட்டும் பக்கத்து ரூம்ல பேசற மாதிரி கேக்கும்லா” என்றார். இருவரும் சிரித்தோம். பிறகு அவர் சிரிக்கவில்லை.

2018-இல் நடந்ததை நான் விதிப்படி செய்தேன் என்பதை அவருக்கு விளக்கத் தொடங்கினேன். உங்களுக்கு அந்த விளக்கத்தை நான் ஒருமுறையும் சொன்னதில்லை. ஏழாண்டுகளாக எனக்கே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். இறுதி வரைவைப் படித்து ஒப்புக்கொள்ளாதவர் கட்டுரையாளர் ஆக முடியாது. ஆகஸ்டு 12, ஞாயிறு, அப்போது நாம் நால்வர் எழுதிய கட்டுரையின் வரைவை உங்கள் மூவருக்கும் அனுப்பி ஏழு நாள் கொடுத்தேன். இருவர் ஒப்புதல் அனுப்பினார்கள். நீங்கள் அலோர் ஸ்டார் மருத்துவமனையில் அன்னையாரின் கட்டிலருகே இருந்தீர்கள். வியாழனன்று அவர் மறைந்தார். சனிக்கிழமை, மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதலுக்கு நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஒப்புதல் படிவம் என் பையில் இருந்தது. துக்க வீட்டில் அதை வெளியே எடுப்பது முறையல்ல என்று எடுக்கவில்லை. மறுநாள் ஞாயிறு, கெடு முடிந்தது. உங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கி நன்றியுரைக்கு மாற்றி, கட்டுரையைச் சமர்ப்பித்தேன். அந்த நன்றி வாக்கியத்தை அமைக்க அரை மணி நேரம் செலவிட்டதும் நினைவிருக்கிறது.

சுலைஹா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பேப்பர் எப்போ போவுதுன்னு அண்ணன் ஒங்கள அன்னிக்குக் கேட்டாருல்ல? நானும் பக்கத்துலதான் நின்னேன்” என்றார்.

கேட்டீர்கள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது கேட்டீர்கள். ‘அதைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள்’ என்றேன். மரியாதைக்காகச் சொன்ன சொல் அது. அதற்கு மேல் நான் அதில் ஒன்றும் வைக்கவில்லை. ஆனால் சுலைஹா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“நீங்க போனதும் அண்ணன் உள்ள வந்து சொன்னாரு, யோகா நிறுத்தி வைக்கிறேன்னுட்டாரு, இனி அம்மா காரியத்தப் பாக்கலாம்னு. அந்த மூணு நாள்ல அவரு நிம்மதியா சொன்னது அது ஒண்ணுதான் சார்.”

இது எனக்குத் தெரியாது, சமது. நீங்கள் கெடுவை மறந்துவிட்டீர்கள், துக்கத்தில் அது இயல்பு, அதற்கு விதி என்ன செய்யும் என்றே எண்ணியிருந்தேன். நான் நிறுத்தி வைப்பேன் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்த அதே ஞாயிற்றுக்கிழமை நான் அனுப்பிவிட்டேன். நான்கு மாதம் கழித்து அச்சில் பார்த்து, ‘நன்றி சொன்னதற்கு நன்றி’ என்று ஒரே வரி எனக்கு அனுப்பினீர்கள். நான் அதை உங்கள் வழக்கமான கேலி என்று எடுத்துக்கொண்டேன். ‘துவான் பெராத்துரான்’, சட்டத் துரை, என்று எனக்குப் பெயர் வைத்தவர் அல்லவா நீங்கள்.

அந்த ஆண்டு உங்கள் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட ஒரு கட்டுரை தேவைப்பட்டது என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று எழுதினால் அது பொய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று உங்களிடமிருந்து பதில் வராததை ஒப்புதல் இன்மை என்று கொண்டு உங்கள் பெயரை நீக்கினேன். சென்ற டிசம்பரில் பதில் வராததை ஒப்புதல் என்று கொண்டு உங்கள் பெயரைச் சேர்த்து மூன்றாவது இதழுக்கு அனுப்பினேன். இருமுறையும் உங்கள் மௌனத்துக்கு எனக்கு வசதியான பொருளையே எடுத்துக்கொண்டேன். இது சுலைஹா சொன்னதன்று. வீட்டுக்கு வரும் வழியில், குருண் அருகே, பெட்ரோல் நிலையம் ஒன்றில் காரை நிறுத்தியபோது எனக்கே தோன்றியது.

சுகுமாரன் சொன்ன வழியில் நான் போகவில்லை. பதினைந்து நாள் இருக்கிறது.

அன்புடன்,
யோகேந்திரன்


சுங்கை பட்டாணி,
24 மே 2025, சனி.

அன்புள்ள சமது,

இக்கடிதத்தைச் சுலைஹா கொண்டுவருவார். திங்களன்று பினாங்கிலிருந்து புறப்படுகிறார். உங்களைப் பார்க்க நான்கு மாதம் முன்பே முடிவான பயணம். என் பொருட்டு வருகிறார் என்று எண்ண வேண்டாம். பையில் கருவாட்டுச் சம்பலுக்கே இடம் போதவில்லை, உங்கள் காகிதத்தை எங்கே வைப்பது என்று என்னைக் கடிந்துகொண்டார். ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

உங்களிடமிருந்து பதில் வரவில்லை. இம்முறை அதற்கு நான் பொருள் தேடவில்லை. நடந்தவற்றை மட்டும் எழுதுகிறேன்.

நளினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சென்ற சனிக்கிழமை காலை வேலை முடிந்து, தொழிற்சாலைச் சீருடையோடு மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். தலைக்கவசத்தைக்கூட மடியிலிருந்து இறக்காமல் கேட்டார். மேற்பார்வையாளர் தன் தவறுகளை ஆய்வாளரிடம் சொல்லும் வழக்கம் இல்லை. எப்படித் தொடங்குவது என்றே எனக்குத் தெரியவில்லை. வரைவு அனுப்பிய தேதியிலிருந்து தொடங்கினேன். முடித்ததும் அவர் சொன்னார்:

“இத டிசம்பர்லயே சொல்லியிருந்தீங்கன்னா நானே அவருக்கு எழுதியிருப்பேன்லா சார். ஒங்களுக்குள்ள சண்ட, என்னோட ஆறு வருஷம் நடுவுல மாட்டிக்கிச்சு. அவரு ‘தாக் போலே’ன்னு எழுதினத எத்தன ராத்திரி முழிச்சுப் பாத்திருப்பேன் தெரியுமா?”

பெயரை எடுத்துவிட்டு அனுப்பினால் அவருக்குச் சம்மதமா என்றும் கேட்டேன். அவர் வாழ்வு அது. கேட்க வேண்டியது என் கடமை. அந்த நிகழ்படங்களில் உங்கள் கை தெரியும் என்றார். எனக்கு விளங்கவில்லை. ஊசி இறங்கும் முன் ஒரு நொடி நிற்குமாம். ஐம்பத்து நான்கிலும் நிற்குமாம். நானும் அவற்றைப் பலமுறை பார்த்திருக்கிறேன், கண்டதில்லை. “அவரு இல்லாம இது என் பேப்பர் இல்ல சார்” என்று சொல்லிவிட்டு, இரண்டு மணிக்கு மீண்டும் வேலை இருக்கிறதென்று எழுந்துவிட்டார். வாசல்வரை போனவர் திரும்பி, நீங்கள் இணங்காவிட்டால் தன் பதிவு போவது உறுதிதானே என்று அமைதியாகக் கேட்டார். உறுதிதான் என்றேன். பொய்யான ஆறுதல் சொல்லத் தெரியாமல் போனதற்காக அன்று என்னை நானே வெறுத்தேன்.

அதன்பின் மூன்று காரியங்கள் செய்தேன். இருபத்து நான்காண்டுப் பணியில் நான் எதற்கும் கெடு நீட்டிக்கக் கேட்டதில்லை. அதைப் பெருமையாகவும் கருதியிருக்கிறேன். செவ்வாயன்று இதழாசிரியருக்கு அவகாசம் கேட்டு எழுதினேன். கடிதத்தை அமைக்கவே இரண்டு மணி நேரம் ஆயிற்று. நாற்பது நிமிடத்தில் பதில் வந்தது. தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஜூன் 8 வரை போதுமா, தேவையென்றால் இன்னும் தருகிறோம் என்று இரண்டே வரி. காரணம்கூடக் கேட்கவில்லை.

2018-இலும் இதழாசிரியர் இருந்தார். அவருக்கும் மின்னஞ்சல் முகவரி இருந்தது. நாற்பது நிமிடம், சமது. உங்களுக்கு நான் செய்ய வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அடுத்து, நளினிக்கு மேலும் ஒரு பருவம் வழங்கக் கோரிப் பல்கலைக்கழகப் பீடத்துக்கு மனு அளித்தேன். தாமதத்துக்குக் காரணம் யாதெனக் கேட்கும் இடத்தில் ‘மேற்பார்வையாளரின் தவறு’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். இது என் பணிக் கோப்பில் சேரும். பேராசிரியர் பதவி உயர்வுக் குழு அடுத்த மாதம் அதைத்தான் பார்க்கும். சுகுமாரன் படித்துவிட்டு, ஒங்களுக்கு என்ன ஆச்சு சார் என்று கேட்டார். முடிவு இன்னும் வரவில்லை. மறுக்கவும் கூடும், அப்படி ஒரு மனுவை ஏற்றதற்கு முன்னுதாரணம் இல்லை. ஏற்றுக்கொண்டால், ஜூன் 30 என்ற தேதி உங்கள் தலையில் இருக்காது. அந்தத் தேதியைக் காட்டி உங்களை நெருக்கியதும் நான்தான்.

மூன்றாவது, 2018 கட்டுரையை வெளியிட்ட இதழுக்குத் திருத்த அறிவிப்புக் கோரி எழுதியிருக்கிறேன். அப்துல் சமது என்ற பெயர் கட்டுரையாளர் பட்டியலில் இருந்திருக்க வேண்டும் என்றும், அதை நீக்கியது இதழோடு தொடர்புகொள்ளும் பொறுப்புள்ள தொடர்புக் கட்டுரையாளராகிய என் பிழை என்றும், அவரிடம் கேட்காமல் செய்தேன் என்றும் அதில் உள்ளது. மற்ற இருவரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஏழாண்டு கழித்து இதனால் உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. போன வேலை திரும்ப வராது. இருந்தாலும் தவறான பட்டியல் ஒன்று தவறு என்ற குறிப்பில்லாமல் இருக்கக்கூடாது.

இந்த உறையில் இரண்டு படிவங்கள் உள்ளன. ஒன்று நளினியின் கட்டுரைக்கு. மற்றொன்று அந்தத் திருத்தத்துக்கு. இரண்டாவதில் கையெழுத்துக் கேட்கும் தகுதி எனக்கில்லை, வைத்திருக்கிறேன், அவ்வளவே. முதலாவதை என்னிடம் அனுப்ப வேண்டியதில்லை. எட்டாம் வினாவுக்கான விடையையும் அப்படியே. நளினியின் முகவரியைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். இனி இந்தக் கட்டுரைக்குத் தொடர்புக் கட்டுரையாளர் அவரே, மாற்றிவிட்டேன். உங்களுக்கும் அவருக்கும் இடையே நான் வர மாட்டேன்.

மழை தொடங்கிவிட்டது. புகை அடங்கியிருக்கிறது. பிரேமாவதி உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். ஏழாண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், எழுத எனக்கு இடம் கிடைக்கவில்லை.

படிவத்தில் ‘ஒப்புக்கொள்கிறேன்’, ‘ஒப்புக்கொள்ளவில்லை’ என இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. மறுப்பதென்றால் மறுத்துவிடுங்கள். உங்கள் மறுப்பை நளினிக்கு நானே விளக்குவேன். உங்கள் மேல் ஒரு சொல்லும் வராமல் விளக்குவேன். இரண்டில் எதையும் குறிக்க மனம் வரவில்லையென்றால், ஜூன் 8-க்குப் பின்னும் அவகாசம் கேட்பேன். அதற்குப் பின்னும் கேட்பேன். நீங்கள் இல்லாமல் அது போகாது.

அன்னையாருக்காகவும் உங்கள் பிள்ளைகளுக்காகவும் என் வீட்டு விளக்கின் முன் வேண்டிக்கொள்கிறேன். அவகாசம் எடுத்துக்கொள்ளுங்கள், சமது. ஆனால் எழுதுங்கள்.

என்றும்,
யோகா